இறக்கத்தில் ஓடி ஏற்றத்தில் திரும்பும் தடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கார் பந்தயங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஃபார்முலா ஒன் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு (சாதாரணக் கார் வடிவ வண்டிகள் பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் ஓடுவது) நான்கே வரி ஒதுக்கி, அதிலும் இரண்டைப் பிசகாக எழுதிவிட்டார் கட்டுரையாளர். ‘இடது பக்கமே திரும்பிச் சுற்றிச் சுற்றி வர பெரிய திறமை வேண்டியதில்லை’ என்பது ஒன்று. ‘சிற்றூர்களில் இருந்த சின்னத் தடங்கள் பார்க்க ஆள் வராமல் மூடிப்போயின’ என்பது மற்றது. முதலாவதைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவதைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சிங்காநல்லூரில் நாற்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன். எழுதிப் பழக்கமில்லை. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். தகவலை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

2020-ல் நானும் வீட்டுக்காரம்மாவும் மகளைப் பார்க்க வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலத்துக்குப் போனோம். போன இடத்தில் கொரோனா வந்து விமானம் நின்றுவிட்டது. நான்கு சுவருக்குள் பேரனும் நானும்தான் ஒருவருக்கொருவர் துணை. அந்த மே மாதம் நிஜப் பந்தயங்கள் எல்லாம் ரத்தாகியிருந்ததால், பந்தய ஓட்டுநர்கள் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டீயரிங் பிடித்து ஓட்ட, அதை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். ஐரேசிங் என்கிற விளையாட்டு. பேரன் கத்திக்கொண்டிருந்தான். நான் காரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். முன்பக்க நேர்பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“படம் வரைஞ்சவன் மட்டம் பார்க்கலையாடா?” என்றேன்.

“இல்ல அப்புச்சி, நிஜத்துலயே அப்படித்தான். லேசர் வெச்சு அளந்து செஞ்சிருக்காங்க. இந்தத் தடம் இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனா இப்ப புல்லு மொளைச்சுக் கெடக்கு.”

நார்த் வில்க்ஸ்பரோ என்று பெயர் சொன்னான். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் மாப்பிள்ளை எங்களை 421-ஆம் எண் நெடுஞ்சாலையில் கூட்டிப்போனார். சாலையிலிருந்தே தெரிந்தது: துருப்பிடித்த காலரி, வெயிலில் வெளுத்துப்போன எழுத்துகள், கம்பிவேலி. உள்ளே விடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

சாய்வுக்குக் காரணம் பிறகு தெரிந்துகொண்டேன். 1946-ல் இனாக் ஸ்டேலி என்ற உள்ளூர்க்காரர், பங்காளிகளோடு சேர்ந்து, தன் ஊரிலும் ஒரு பந்தயத் தடம் வேண்டும் என்று குன்றுச் சரிவில் மண் வெட்ட ஆரம்பித்தார். கையில் இருந்த பணம் நிலத்தை மட்டப்படுத்தி முடியும் முன்பே தீர்ந்துவிட்டது. கடன் வாங்கி மட்டம் பார்ப்பதா, இருப்பதில் ஓட்டுவதா? இருக்கிறபடியே விட்டுவிட்டார். அதனால் முன்பக்க நேர்பாதை இறக்கம், பின்பக்கம் ஏற்றம். சுற்றளவு ஒரு மைலில் எட்டில் ஐந்து பங்கு, நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 1947 மே 18 அன்று முதல் பந்தயம். ஃபான்டி ஃப்ளாக் ஜெயித்தார். இந்த ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்புக்கு அடிபோட்ட டேட்டோனா கூட்டம் அந்த வருடம் டிசம்பரில்தான் நடந்தது. தடம் மூத்தது, சங்கம் இளையது.

பணமில்லாமல் விட்ட அந்தக் குறைதான் அந்தத் தடத்தின் குணமாக ஆனது. இறக்கத்தில் கார் தானாகவே வேகம் எடுக்கும். முதல் வளைவில் நுழையும்போது நினைத்ததைவிடக் கூடுதல் வேகத்தில் இருப்பீர்கள். பின்பக்கம் ஏறும்போது எஞ்சின் திணறும். வளைவிலிருந்து வெளியே வருகையில் ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் முன்னாலேயே மிதித்தால் பின்சக்கரம் சறுக்கும், ஒரு கணம் தாமதித்தால் பின்னால் வருபவன் உள்ளே நுழைந்துவிடுவான். இருபது வினாடி சொச்சத்தில் ஒரு சுற்று. இப்படி 400 சுற்று. இதற்குத் திறமை வேண்டாமாம்.

வட்டமடிப்பது பற்றி இன்னும் ஒன்று. உங்கள் கட்டுரையாளர் வீட்டில் காபி டம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பார்க்கட்டும். நேராகப் போகாது. வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அடிப்பக்கமாக வளைந்துகொண்டே போகும். ஓவல் தடத்துக் கார்களில் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள்: வலப்பக்கச் சக்கரத்தின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும். எவ்வளவு பெரிது என்பதை அன்றைய வெயிலுக்கும் தார் சூட்டுக்கும் டயர்க் காற்றுக்கும் தகுந்தபடி முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் கூடினாலும் நேர்பாதையில் கார் சண்டை போடும், குறைந்தாலும் வளைவில் வெளிச்சுவரை நோக்கிப் போகும். நூலளவு கணக்கு. எங்கள் பட்டறையில் ‘ஒரு தௌ’ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்வோமே, அந்த மாதிரி வேலை.

அந்தக் கணக்கெல்லாம் அந்த மலைக்காட்டு ஆட்களுக்கு எப்படி வந்தது? சாராயத்தால் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. நார்த் வில்க்ஸ்பரோ இருக்கும் வில்க்ஸ் மாவட்டம் கள்ளச் சாராயத்துக்குப் பேர்போனது. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சி, ராத்திரியோடு ராத்திரியாக ஃபோர்டு காரில் ஏற்றி நகரங்களுக்குக் கொண்டுபோவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கார். எஞ்சின் வேறு ரகம். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமலிருக்க ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். தாழ்ந்தால் போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே. 1949-ல் கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நாஸ்கார் நடத்திய முதல் பந்தயத்தில், முதலில் வந்த கிளென் டனவேயைத் தகுதி நீக்கம் செய்தார்கள். காரணம் பின்பக்க ஸ்பிரிங். சாராயம் ஏற்றிய கார் அது! அந்த வருடத்துக் கடைசிப் பந்தயம், எட்டாவது, அக்டோபர் 16-ல் நடந்த இடம் நார்த் வில்க்ஸ்பரோ. பாப் ஃப்ளாக் ஜெயித்தார், முதல் சாம்பியன் பட்டம் ரெட் பைரனுக்கு. அப்போது அது மண் தடம். தார் போட்டது 1957-ல்.

அந்த மாவட்டத்தின் செல்லப்பிள்ளை ஜூனியர் ஜான்சன். இவர் நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தையாக இருந்த 1935-ல், அதிகாரிகள் இவர்கள் வீட்டில் சோதனை போட்டு 7,000 காலனுக்கு மேல் சாராயம் பிடித்தார்கள். வளர்ந்து இவரும் அதே தொழிலுக்கு ஓட்டினார். சாலையில் ஒரு தடவைகூட அகப்படவில்லை. 1956-ல் பிடிபட்டது காரில் அல்ல, அப்பாவின் ஊறல் அடுப்பங்கரையில். பதினொரு மாதம் ஒஹையோ சிறையில் இருந்துவிட்டு வந்து மறுபடி பந்தயத்தில் இறங்கினார். மொத்தம் 50 வெற்றி. முன்னால் போகிற காரின் வாலை ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறைந்து தன் காருக்கும் வேகம் கிடைக்கிறது என்பதைக் கண்டுகொண்டு, 1960-ல் நாஸ்காரின் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ ஜெயித்தவர் இவர்தான். 1986-ல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். நாங்கள் போன 421-ஆம் சாலையின் ஒரு பகுதிக்கு இப்போது அவர் பெயர்.

சாராயத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எத்தனை குடும்பத்தைக் கெடுக்கும் என்று நம் ஊர்க்காரனுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஜான்சனின் அப்பாவே வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்தவர்.

நான் பட்டறைக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1991 செப்டம்பரில் ஹாரி கேன்ட் என்பவர், பக்கத்து மாவட்டத்துக்காரர், 51 வயது, தொடர்ந்து நான்கு பந்தயம் ஜெயித்திருந்தார். ஐந்தாவது நார்த் வில்க்ஸ்பரோவில். 400 சுற்றில் 350 சுற்று அவர்தான் முன்னால். கடைசிப் பத்துச் சுற்றுக்குள் பிரேக் போய்விட்டது. இறக்கத்தில் ஓடும் தடம், பிரேக் இல்லை, நினைத்துப் பாருங்கள். டேல் எர்ன்ஹார்ட் தாண்டிப் போனார். கேன்ட் எப்படியோ காரைச் சுவரில் அடிக்காமல் இரண்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு கழற்றிப் பார்த்தால், பிரேக்கில் இருந்த ஒரு ஓ-ரிங். சில்லறைக் காசு பெறும் ரப்பர் வளையம். என் பட்டறையில் வேலை கற்க வந்த பையன்களிடம் ‘சின்னதுதானே என்று விடாதே’ என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இந்தக் கதை அப்போது தெரியாமல் போய்விட்டது.

இனி, ஆள் வராமல் மூடியது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

வருடத்துக்கு இரண்டு பந்தயம், வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. ஸ்டேலி டிக்கெட் விலையைக் குறைவாக வைத்திருந்தார், ஆடம்பரத்துக்குச் செலவு செய்யவில்லை. கழிப்பறை பழசு, காலரி பழசு, பரிசுப் பணமும் பெரிய தடங்கள் அளவுக்கு இல்லை. ஆனால் கூட்டம் வந்தது. 1995 மே மாதம் ஸ்டேலி இறந்தார். உடனே பங்குகள் கைமாறின. ஒரு பாதியைக் காம்ப்ஸ் குடும்பத்திடமிருந்து சார்லட் தடத்தின் உரிமையாளர் புரூட்டன் ஸ்மித் வாங்கினார். மறு பாதியை 1996 புத்தாண்டையொட்டி நியூ ஹாம்ப்ஷயர் தடத்தின் உரிமையாளர் பாப் பாரே வாங்கினார். இருவருக்கும் தேவைப்பட்டது தடம் இல்லை, தேதி. நாஸ்கார் அட்டவணையில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இருக்கிற இடத்தை வாங்கினால்தான் உண்டு. ஸ்மித் ஒரு தேதியை டெக்சஸில் கட்டிக்கொண்டிருந்த புதுத் தடத்துக்குக் கொண்டுபோனார். பாரே மற்றதை நியூ ஹாம்ப்ஷயருக்குக் கொண்டுபோனார். பஸ் பெர்மிட்டுக்காக லொடக்கு பஸ்ஸை வாங்கி, பெர்மிட்டைப் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டு, பழையதைச் செட்டில் போட்டு வைப்பார்களே, அதேதான்.

1996 செப்டம்பர் 29 அன்று கடைசிப் பந்தயம். ஜெஃப் கார்டன் ஜெயித்தார். அன்றும் காலரி நிரம்பித்தான் இருந்தது. கட்டுரையாளர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு கேட்டுக்குப் பூட்டு. ஏறக்குறைய நாலாயிரம் பேர் வாழும் ஊர் அது. லோஸ் என்ற பிரம்மாண்டமான ஹார்டுவேர் கடைச் சங்கிலி 1921-ல் தொடங்கியது அங்கேதான். அதன் தலைமை அலுவலகமும் பிற்பாடு மூர்ஸ்வில்லுக்குப் போய்விட்டது. எனக்கு எங்கள் காமராஜர் ரோட்டு மில் சங்குகள் ஒவ்வொன்றாக நின்றது ஞாபகம் வந்தது. 2010, 2011-ல் கொஞ்ச நாள் திறந்து உள்ளூர்ப் பந்தயங்கள் நடத்திப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மறுபடி புல், மரக்கன்று, மழை.

2019 டிசம்பரில், கேன்ட்டைத் தாண்டிப் போன எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களோடு போய் புல் வெட்டி, குப்பை அள்ளி, தடத்தைக் கூட்டினார். பந்தயம் நடத்த இல்லை. இடிந்து மறைவதற்குள் லேசரில் அளந்து கம்ப்யூட்டருக்குள்ளாவது வைத்துவிடுவோம் என்றுதான். அதே மாதம் ஜூனியர் ஜான்சன் காலமானார். அந்த லேசர் அளவைத்தான் நான் பேரன் அறையில் பார்த்தது.

அளந்தவர்களே எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. தடத்தின் இரண்டு பாதியும் இதற்குள் ஸ்மித்தின் கம்பெனி கைக்கே வந்து சேர்ந்திருந்தது. 2021-ல் வட கரோலினா அரசு, கொரோனா நிவாரண நிதியிலிருந்து 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. தனியார் சொத்துக்கு மக்கள் பணமா என்று நான் கேட்க, குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போட்டால் ஊருக்கும்தானே என்று மாப்பிள்ளை சொல்ல, அந்த வாக்குவாதம் இன்றுவரை வீடியோ காலில் தொடர்கிறது. 2022 ஜூனில் புரூட்டன் ஸ்மித் இறந்தார். அந்த ஆகஸ்டில், அவர் மகன் மார்கஸ் ஸ்மித் காலத்தில், தடத்தில் மறுபடி கார் ஓடியது. அப்பா தேதியை எடுத்துப் போனார், மகன் கேட்டைத் திறந்தார். குடும்பம் என்றால் அப்படித்தான்.

2023 மே 21, ஞாயிறு. நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயம், சாம்பியன் பட்டப் புள்ளியில் சேராதது. இந்தத் தடவை வேலிக்கு உள்ளே போனேன்.

முதல் வேலையாக, பாதித் தண்ணீர் இருந்த பாட்டிலைக் கண்ணுக்கு நேரே படுக்கைவசமாகப் பிடித்து, ரசமட்டம் மாதிரி வைத்து எதிரே ஓடிய சுவரின் விளிம்பைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு கோடு, சுவர் ஒரு கோடு, இரண்டும் சேரவில்லை. ஸ்டேலியிடம் பணம் தீர்ந்துபோனது அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் அப்படியே தெரிந்தது. வீட்டுக்காரம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, “எல்லாரும் காரைப் பார்க்குறாங்க, நீங்க எதுக்குப் பாட்டிலைப் பார்க்குறீங்க?” என்றாள்.

1981-ல் போட்ட தார்தான் அன்றும் இருந்தது. ஜல்லி பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. அந்தத் தரை டயரை அரத்தால் ராவுவது போல ராவிவிடும். புது டயர் போட்டவன் பறப்பான், இருபது சுற்று போனால் அவனே வழுக்குவான். கைல் லார்சன் ஆரம்பத்திலேயே டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வேகமாகப் போனதற்குத் தண்டனை வாங்கி வரிசையின் கடைசிக்குப் போனார். ஆனால் புது டயர் போட்டிருந்தார். அங்கிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி முன்னால் வந்து, 200 சுற்றுப் பந்தயத்தில் 145 சுற்று முன்னிலையில் இருந்து, பத்து லட்சம் டாலர் பரிசோடு போனார். கீழ்வரிசைக்கு இறங்கிப்போன பேரன் திரும்பி வந்தபோது அவன் சட்டையில் கருப்பாகச் சின்னச் சின்ன சுருள்கள். டயர் பிசிறு. லேத்தில் இரும்பு கடையும்போது விழும் பிசிறு மாதிரியே சுருண்டிருந்தது, சூடு ஆறவில்லை. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த உள்ளூர்ப் பெரியவர். சிறுவயதில் அப்பாவோடு வந்து பார்த்தவராம். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையிலிருந்த ஹாட் டாகை என்னிடம் காட்டி, ஸ்டேலி உயிரோடு இருந்தால் இதற்கு இந்த விலை வாங்க விட்டிருக்க மாட்டார் என்று பந்தயம் முடியும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருடப் பந்தயத்துக்குள் புதுத் தார் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லைதான், எனக்கு மனசாகவில்லை. அதே 2024-ல் காலரியின் கான்கிரீட்டில் விரிசல் கண்டு தோண்டினால், அடியில் சுமார் 700 சதுர அடிக்கு ஒரு குகை! சாராயம் காய்ச்சிய இடமாக இருக்குமோ என்று ஊரே பேசியது. அடுப்பு, பானை என்று உறுதியாகச் சொல்ல எதுவும் அகப்படவில்லை. 2026 அட்டவணையில் சாம்பியன் பட்டத்துக்குப் புள்ளி சேரும் முழுப் பந்தயத்தையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். சரியாக முப்பது வருட இடைவெளி.

இதையெல்லாம் அமெரிக்காக்காரன் பெருமைக்காக எழுதவில்லை. எனக்கு இருபத்தொரு வயதில், நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறை முதலாளி என்னை ராத்திரி ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ்ஸில் சோழவரத்துக்கு அழைத்துப்போனார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், அதன்மேல் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம். எங்கள் ஊர் கரிவரதன் ஓட்டிய இடம். பிற்பாடு மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தாரே, அவர்தான். காற்றில் விளக்கெண்ணெய் கருகும் வாசம். அந்த வாசத்துக்காகவே மறுவருடமும் போனேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் பந்தயச் சங்கத்துக்குச் சொந்தமாக முறையான தடம் வந்தது, நல்லதுதான். சோழவரம் பேச்சிலிருந்தே போய்விட்டது. பேரனிடம் கேட்டேன், அவன் கம்ப்யூட்டரில் உலகத்துத் தடங்கள் எத்தனையோ இருக்கின்றன. சோழவரம் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பத்திரிகை பழைய பத்திரிகை. சோழவரத்துக்கு அந்தக் காலத்தில் போட்டோகிராபர் அனுப்பியிருப்பீர்கள். அந்த நெகட்டிவ்கள் உங்கள் நூலகத்தில் எந்த பீரோவிலாவது இருக்கும். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்து ஒரு ஞாயிறு இணைப்பு போடுங்கள். 1980, 81-ஆம் வருடப் படங்களில் கூட்டத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கைலியை மடித்துக் கட்டிய குள்ளமான மனிதர் ஒருவர், பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் காரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால், தயவுசெய்து அந்தப் படத்தின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பிவைக்கவும். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரன்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.